துடைக்காத படம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரத்தில் மின்னஞ்சலில் கடிதம் வந்து உன் தூக்கம் கலைந்திருந்தால் மன்னித்துக்கொள். அங்கே இப்போது என்ன நேரம் என்று இரண்டு முறை கணக்குப் போட்டேன். இரண்டு விடை வந்தது. விட்டுவிட்டேன். இங்கே ஊர் அடங்கி வெகுநேரம் ஆகிறது. இவருக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். மகாராணி இப்போதுதான் பால் குடித்துவிட்டு, வாயைத் திறந்தபடி என் தோளிலேயே தூங்கிப்போனாள். இறக்கிவிட்டால் விழித்துக்கொள்வாள் என்பதால் ஒரு கையால் தட்டுகிறேன். ஏழு மாதக் குழந்தைக்கு அந்தப் பட்டத்தை அம்மா சும்மா வைக்கவில்லை.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். இது அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் எழுத்து.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் படியைத் திட்டுகிறார். நம் போட்டோ ஸ்டூடியோவில் பள்ளிக்கூட அடையாள அட்டை சீசன். இரண்டு பள்ளிக்கூடம் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா படம் எடுக்கிறார், அம்மா கம்ப்யூட்டரில் முகத்துக் கோடு, தழும்பு எல்லாம் துடைத்து டச்சிங் செய்கிறாள், நான் வீட்டிலிருந்தே அட்டையில் பெயரும் வகுப்பும் ஏற்றுகிறேன். தாவரவியல் படித்தவள் செய்கிற வேலையைப் பார் என்று அப்பா தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் விசா தாமதமாவதற்குக் காரணம் விசா ஆபீசில் கூட்டம் என்று அவள் உன்னிடம் சொன்னாள் இல்லையா? கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன். அவள் கொடுத்த படத்தை அவர்கள் ஏற்கவில்லை.

அம்மா தன் படத்துக்குத் தானே டச்சிங் செய்துகொண்டாள். அது எப்போதும் நடப்பதுதானே என்பாய். முகத்தை அரை மணியில் முடித்துவிட்டாள். நெற்றிக் கோடு போயிற்று, கண்ணுக்குக் கீழே பை போயிற்று, வாயோரத்துச் சுருக்கம் போயிற்று. ஆனால் கழுத்து மட்டும் முகத்தோடு ஒத்துப்போகவில்லை. எத்தனை துடைத்தாலும் ஐம்பத்தெட்டு வயதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பொறுமை போய், கம்ப்யூட்டரில் கிடந்த என் கல்லூரிக் காலப் படத்திலிருந்து என் கழுத்தை வெட்டி எடுத்துத் தன் முகத்துக்குக் கீழே ஒட்டிவிட்டாள். இது எனக்கு அப்போது தெரியாது. படம் நன்றாக இருக்கிறதே என்று நானும் கவரில் போட்டேன்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் சின்ன வயசுக்காரர். படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "யாருக்கு விசா, உங்க பொண்ணுக்காம்மா? அவங்க நேர்ல வரணுமே" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நான்தான் தம்பி அது" என்றாள். அவர் சிரிக்கவில்லை. படத்தைத் திரையில் பெரிதாக்கினார். கழுத்துக்குப் போனார். "இந்த மச்சம் எங்கம்மா?" என்று கேட்டார்.

அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஏது மச்சம்? பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நான் துப்பட்டாவை மெதுவாக மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அம்மா நமக்கு டச்சிங் சொல்லிக்கொடுத்தபோது என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கும். எதை வேண்டுமானாலும் துடைக்கலாம், மச்சத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. மச்சம் போனால் ஆளே வேறாகிவிடும், வாடிக்கையாளர் சண்டைக்கு வந்துவிடுவார். அந்தச் சட்டம் அவள் விரலில் ஊறிப்போயிருக்கிறது. கழுத்தை எடுத்துக்கொண்டவள், அதிலிருந்த மச்சத்தைத் தொடாமல் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறாள்.

அவர் கெட்டவர் இல்லை. புகார் ஒன்றும் எழுதவில்லை. டச்சிங் இல்லாமல், இப்போது எடுத்த படமாக அடுத்த வியாழக்கிழமைக்குள் கொண்டுவந்தால் இதே மனுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். தவறினால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு மூன்று மாதமாவது ஆகும். உன் பிரசவத் தேதி அடுத்த மாதக் கடைசியில். என் பயம் உனக்குப் புரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது அம்மா வருத்தப்பட்டாள் என்று நினைக்கிறாயா? தலைகால் புரியவில்லை அவளுக்கு. பேருந்தில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாளிடம் சொன்னாள். இறங்கியதும் ஸ்டூடியோ பக்கத்துத் தையற்காரரிடம் சொன்னாள். "என் பொண்ணுன்னு நெனச்சுட்டான் அந்தப் பையன்!" தையற்காரர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "அப்ப விசா கெடச்சிருச்சாக்கா?" என்று கேட்டார். "அது வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதையில் மச்சம் வரும் இடத்தை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

இது போன வாரம் நடந்தது. அன்றிலிருந்து புதுப் படம் எடுக்க ஒவ்வொரு நாளும் ஒரு தடை. தலைக்குச் சாயம் போட வேண்டும் என்றாள். சாயம் போட்டதும் காதோரம் கறை இருக்கிறது, போகட்டும் என்றாள். கறை போனதும் கண் வீங்கியிருக்கிறது, ராத்திரி தூக்கமில்லை என்றாள். என் மாமியார் ஒருமுறை சொன்னது சரிதான். உங்க அம்மாவுக்கு நாள் பார்ப்பதைவிட முகம் பார்ப்பது கஷ்டம்.

சாயம் போட்டுவிட்டது நான்தான். பின்பக்கம் அவளுக்கு எட்டாது. குளியலறை ஸ்டூலில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உச்சியில் முடி எவ்வளவு மெலிந்துவிட்டது தெரியுமா? பிரஷ் முடியில் படுவதைவிடத் தோலில்தான் அதிகம் படுகிறது. நான் பேச்சுக்குத்தான் கேட்டேன், ஏம்மா இப்படி இழுத்தடிக்கிறே, அக்காவைப் பார்க்க ஆசையில்லையா என்று. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு முன்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அவ கிளம்பினப்ப நான் எப்படி இருந்தனோ அப்படித்தான்டி அவ மனசுல இருக்கேன். நாலு வருஷம் ஆச்சு. அங்க ஏர்போர்ட்டுல எல்லாரும் வெளிய வருவாங்க. அவ அம்மாவத் தேடுவா. எவளோ ஒரு கெழவி வண்டியத் தள்ளிட்டு வர்றான்னு என்னத் தாண்டிப் பாத்துட்டான்னா?"

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மகாராணி அழுதாள். கையெல்லாம் சாயத்தோடு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் தலையை அலசிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் எனக்குச் சிலது உறைத்தது. வீடியோவில் உன்னோடு பேசும்போது எப்போதும் அந்த சன்னலோர நாற்காலியில்தான் உட்காருவாள், கவனித்திருக்கிறாயா? வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்து பாதிக் கோடுகளை அழித்துவிடும். சூரியன் அந்தப் பக்கம் போய்விட்டால் சிக்னல் இல்லை என்பாள். தொழில் தெரிந்தவள் இல்லையா? நீ இரவில் கூப்பிட்டால் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுவாள். நீ நான்கு வருடமாக அம்மாவைச் சரியாகப் பார்க்கவே இல்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் ஒருவழியாக அவளைப் பிடித்து உட்கார வைத்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தவள், இந்த விளக்கை நகர்த்து, அதை உயர்த்து, கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கு என்று அப்பாவையே வேலை வாங்கினாள். அப்பா சொன்னார், "முப்பத்தஞ்சு வருஷமா உன்ன டச்சிங் இல்லாமத்தான் பாத்துட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆயிடல." அம்மா விடுவாளா? "உங்களுக்குக் கண்ணு தெரியாது, அதான் ஒண்ணும் ஆகல" என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அப்பா எடுத்துவிட்டார்.

அக்கா, படம் நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை. சிரித்து முடித்த முகம். அம்மா திரையில் அதைப் பார்த்தாள். "இது எங்க அம்மா மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் அடையாள அட்டை வேலையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நான் மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனபோது கம்ப்யூட்டரில் அந்தப் படம் திறந்து கிடந்தது. இடது பக்கம் முழுதும் துடைத்திருந்தாள். கன்னம், கண்ணோரம், தாடை எல்லாம் வழவழவென்று. வலது பக்கம் அப்பா எடுத்தபடியே இருந்தது. பாதியில் நிறுத்தியிருக்கிறாள். டச்சிங்கை ஒருநாளும் பாதியில் விடாதவள். ஏன் என்று கேட்டேன். "கண்ணு வலிச்சுது" என்றாள். முடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. இன்றுவரை அப்படியே கிடக்கிறது. அப்பா எடுத்த அசலை நான் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவள் சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அங்கே அவளே நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நான் மட்டும் என்ன யோக்கியம்? குழந்தை பிறந்தபின் எடுத்த என் படம் ஒன்றையும் கருவளையத்தோடு நான் யாருக்கும் அனுப்பியதில்லை. போன வாரம் நெற்றியோரத்தில் ஒரு வெள்ளை முடி கண்டேன். முப்பத்தொரு வயதில்! குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டே பிடுங்கினேன். அவள் அதைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அதைவிட மோசம் ஒன்று செய்தேன். உனக்கு அனுப்ப மகாராணியின் படம் ஒன்றை எடுத்தேன். அவள் கன்னத்தில் சின்னச் சின்னதாக வேர்க்குரு. கை பழக்கத்தில் அதையும் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பச்சக் கொழந்த மொகத்துல எதுக்குடி கை வைக்கிற? அது இப்பத்தானே வந்திருக்கு!" நானும் சும்மா இருக்கவில்லை. உன் முகத்துல மட்டும் வைக்கலாமா என்று கேட்டேன். "என் மொகம் வந்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இப்போது உன்னைப் பற்றி. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன்.

நேற்று மறுபடி அம்மாவிடம் கெஞ்சினேன். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான், அக்கா தனியாக என்ன செய்வாள், மாமாவுக்கு லீவு கிடைப்பதும் சந்தேகம் என்றேன். அவள் போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை என் முன்னால் நீட்டினாள். "பாரு, மாசமா இருக்கிற பொண்ணு மாதிரியா இருக்கா? மொகம் பளபளன்னு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. அவளுக்கு நான் எதுக்கு?" என்றாள்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். நீ சமையலறைக் கதவோரம் நின்று சிரிக்கிறாய். முகம் ஒல்லியாக, வழவழப்பாக இருக்கிறது. உன் கன்னத்துக்குப் பக்கத்தில் வரும் கதவு நிலை மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கிறது.

அக்கா, நாம் யார் வீட்டுப் பிள்ளைகள்? போனில் முகத்தை ஒடுக்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து ஒடுங்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்கு முந்திய படங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக உன் பின்னால் இருக்கிற அலமாரி, சன்னல் கம்பி எல்லாம் வளைந்துதான் இருக்கின்றன. அம்மா கண்ணாடி போட்டிருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். கண்ணாடி போட்டால் வயதாகத் தெரிகிறதாம். அதனால் டச்சிங் வேலைக்குத் தவிர போடுவதில்லை.

வெறும் அழகுக்காகச் செய்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். போன வாரம் குரல் பதிவில் என்ன சொன்னாய்? என் செருப்பு எதுவும் காலில் நுழையவில்லை, மாமாவின் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறேன் என்று சிரித்தாய். அதற்கு முந்தின பதிவில் இரண்டு நாளாகத் தலைவலி, வெயிலாக இருக்கும் என்றாய். எட்டாம் மாதத்தில் எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் மோதிரம் கழலவில்லை. கண்ணாடியில் என் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. டாக்டர் பிரஷர் பார்த்தார். என்னை வீட்டுக்கே அனுப்பவில்லை. அன்றே படுக்க வைத்துவிட்டார்கள். ஒருநாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஒருவேளை உனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் உன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் உன்னைப் பார்க்கவில்லை. தினமும் படம் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே கலங்கிப்போவாள், என்னையும் உன்னையும் சேர்த்துத் திட்டுவாள், அப்பாவைத் தூங்கவிட மாட்டாள். அதோடு, இது நான் சொல்லி அவள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. நீ சொன்னால்தான் அவள் எழுந்திருப்பாள். உனக்கு அவள் எதற்கு என்ற கேள்விக்கு நான் எத்தனை சொன்னாலும் அது பதில் ஆகாது.

அதனால் நான் கேட்பது இரண்டே இரண்டு. விடிந்ததும் டாக்டரிடம் போ. அடுத்த செக்கப் வரைக்கும் பொறுக்காதே. பிரஷர் பார்க்கச் சொல். செருப்பு நுழையவில்லை என்பதையும் தலைவலியையும் விடாமல் சொல். மாமா வேலைக்குப் போக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள். கூச்சப்படாதே.

இன்னொன்று, அதற்கு முன்பே, எழுந்தவுடன் முகம் கழுவாமல் ஒரு படம் எடு. விளக்குப் பார்க்காதே, எந்தப் பக்கம் அழகு என்று பார்க்காதே, போன் எது செய்யக் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்து. உன் பாதத்தையும் ஒரு படம் எடு. எனக்கு அனுப்பாதே. அம்மாவுக்கு அனுப்பு. கூடவே "எனக்குப் பயமா இருக்கும்மா, வா" என்று மட்டும் எழுது. பயம் இல்லை என்றால்கூட எழுது. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இருந்தது. அப்போது அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி விளக்கில், சாயம் போய், மூன்று நாள் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். விழிக்கும்போதெல்லாம் அந்த முகம் அங்கே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அதில் எத்தனை கோடு என்று எண்ணத் தோன்றவில்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம்தான் வருகிறது.

அவள் புறப்பட்டு வந்தால் ஒரு காரியம் செய். விமான நிலையத்தில் அவள் உன்னைத் தேடும் முன்பே நீ அவளைக் கண்டுபிடித்துவிடு. முடி மெலிந்திருக்கும், நடை கொஞ்சம் சாய்ந்திருக்கும், கண்ணாடி போட மாட்டாள் என்பதால் உன்னை அவளுக்குத் தூரத்திலிருந்து தெரியாது. நீதான் கையசைத்துக் கூப்பிட வேண்டும்.

தங்கைக்கு ஆசி சொல்லும் வயதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நல்லபடியாக இரு. வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம். மகாராணி தோளில் எச்சில் ஒழுக விட்டிருக்கிறாள். அதைச் சித்தப்பாவுக்கு முத்தம் என்றும் பெரியம்மாவுக்கு முத்தம் என்றும் பிரித்துக்கொடுக்கச் சொல்லலாம் என்றால், அங்கே சித்தப்பா யார், பெரியப்பா அல்லவா? தூக்கக் கலக்கம். திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. ஒரு வரி போதும். காத்துக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் பதில் போடு அக்கா.

என்றும் அன்புடன்,
உன் தங்கை